பஸ்ஸுக்கு ரேட்டு கவர்மெண்டு வைக்குது, பிளேனுக்கு யாரு வைக்கா?

பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கம் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், ரயில் டிக்கெட், விமான டிக்கெட் எல்லாம் உண்டு. ஒருநாள் சாயங்காலம் நெல்லை டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். சென்னையில் மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்துவிட்டார்களாம். நெல்லை எக்ஸ்பிரஸில் இடமில்லை. மறுநாள் காலை தூத்துக்குடியிலிருந்து போகும் விமானத்தைப் பார்த்து விலையைச் சொன்னேன். "வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாறேன்" என்று போனவர் முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். அதற்குள் அதே விமானத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் கூடியிருந்தது.

அவர் கோபப்படவில்லை. ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, பஸ்ஸுக்கு ரேட்டு கவர்மெண்டு வைக்குது. பிளேனுக்கு யாரு வைக்கா?"

"கம்பெனிதான் வைக்குது அண்ணாச்சி."

"அப்ப கவர்மெண்டு எதுக்கு இருக்கு?"

அன்றைக்கு அவசரம். டிக்கெட்டைப் போட்டு அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும் என்று மனசில் இருந்துகொண்டே இருந்தது. சொல்லத் தொடங்கினால் பாபநாசம் பஸ்ஸிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எஃப்.சி. வேறு, பெர்மிட் வேறு

திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் போகும் தனியார் பஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் முதலாளியை அரசு இரண்டு விதமாகப் பிடித்து வைத்திருக்கிறது. ஒன்று எஃப்.சி. பிரேக் பிடிக்கிறதா, டயர் தேய்ந்திருக்கிறதா, அவசர வழி திறக்கிறதா என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்ட வேண்டும். ஓட்டுநருக்குக் கனரக லைசென்ஸ் வேண்டும். இது உயிர் சம்பந்தப்பட்டது. இன்னொன்று பெர்மிட். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு ஓட்டலாம், எத்தனை நடை, எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். டிக்கெட் விலையையும் அரசே அறிவிக்கும். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் முன்னால் நாலு நிமிஷத்துக்காக இரண்டு கண்டக்டர்கள் சண்டை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது பெர்மிட் சண்டை. எஃப்.சி.க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

விமானத்துக்கும் இந்த இரண்டு பிடியும் இருந்தன. எஃப்.சி. பிடி இன்றும் அப்படியே இருக்கிறது. டிஜிசிஏ என்கிற சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்தான் விமானத்துக்குத் தகுதிச் சான்று தருகிறது, விமானிக்கு உரிமம் தருகிறது, ஒரு விமானி எத்தனை மணி நேரம் தொடர்ந்து வேலை பார்க்கலாம் என்று சொல்கிறது. தளர்த்தியது பெர்மிட் பிடியைத்தான். செய்தித்தாளில் 'டீரெகுலேஷன்' என்றோ 'கட்டுப்பாடு நீக்கம்' என்றோ படித்தால் அதை இப்படி இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு பிரிவினை மனசில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

இந்தியாவில் விமானம் தனியார் கையில்தான் தொடங்கியது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு பறந்தார். அந்தத் தபால் சேவை சென்னை வரை நீண்டது. போருக்குப் பிறகு கம்பெனிகள் பெருகின, நஷ்டமும் பெருகியது. 1953இல் விமானக் கழகங்கள் சட்டம் கொண்டுவந்து எல்லாவற்றையும் அரசே எடுத்துக்கொண்டது. எட்டு உள்நாட்டுக் கம்பெனிகள் சேர்ந்து இந்தியன் ஏர்லைன்ஸ் ஆயிற்று. வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா. நம் பக்கத்து பஸ்கள் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் ஆனதைப் பார்த்தவர்களுக்கு இது புதுசாக இருக்காது. சுமார் 40 ஆண்டு, உள்நாட்டில் பறக்க வேண்டுமென்றால் அரசு விமானம்தான், அரசு வைத்த கட்டணம்தான். 1990களின் தொடக்கத்தில் தனியாருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வழிவிட்டார்கள். 1994 மார்ச் 1 அன்று அந்தச் சட்டமே நீக்கப்பட்டது.

அமெரிக்காவில் இது முன்னாலேயே நடந்தது. அங்கே 1938 முதல் ஒரு வாரியம் இருந்தது. எந்தக் கம்பெனி எந்த ஊருக்குப் போகலாம், என்ன விலை வாங்கலாம் என்று அதுதான் சொல்லும். ஆனால் அதன் அதிகாரம் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போகும் விமானங்களுக்கு மட்டும்தான். டெக்சாஸ் பெரிய மாநிலம். 1971இல் சவுத்வெஸ்ட் என்ற கம்பெனி அந்த ஒரே மாநிலத்துக்குள் மூன்று ஊர்களுக்கு நடுவே ஓட்டத் தொடங்கியது. வாரியம் தொட முடியாது. டிக்கெட்டை மிகக் குறைவாக விற்றது, லாபமும் பார்த்தது. கலிஃபோர்னியாவிலும் இதே கதை. 'வாரியம் இல்லாத இடத்தில் மலிவாக இருக்கிறதே, பின்னே வாரியம் யாருக்காக இருக்கிறது?' என்ற கேள்வி எழுந்தது. 1978இல் சட்டம் மாறியது. 1985 தொடங்கும்போது வாரியத்தையே மூடிவிட்டார்கள்.

நம் அரசு 1994இல் பெர்மிட்டை விட்டாலும் ஒரு நூலைக் கையில் வைத்துக்கொண்டது. டெல்லி, மும்பை போன்ற கொழுத்த பாதைகளில் ஓட்டும் கம்பெனி, அங்கே ஓட்டும் அளவில் 10 சதவீதத்தை வடகிழக்கு, காஷ்மீர், அந்தமான் மாதிரி இடங்களிலும், 50 சதவீதத்தை நாட்டின் மற்ற சாதாரணப் பாதைகளிலும் ஓட்ட வேண்டும் என்று விதி வைத்தது. விகிதங்கள் பிறகு மாறின. தூத்துக்குடி இந்த மூன்றாவது வகைக்குள் வரும். நல்ல விதிதான். ஆனால் 'மற்ற பாதை' என்று சொன்னதே தவிர எந்த ஊர் என்று சொல்லவில்லை. ஒரு கம்பெனி தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைகுளத்தை விட்டுவிட்டு வேறொரு ஊருக்கு ஓட்டியும் கணக்கை நேர் செய்துவிடலாம்.

பிச்சிப்பூவும் விமான சீட்டும்

கட்டணம் ஏன் முக்கால் மணி நேரத்தில் ஏறுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் பிச்சிப்பூ காலையில் ஒரு விலை, பத்து மணிக்கு ஒரு விலை. முகூர்த்த நாளென்றால் தொட முடியாது. விற்காத பூ சாயங்காலம் குப்பைக்குப் போகும். விமான சீட்டும் அழுகும் பொருள்தான். கதவு மூடிவிட்டால் காலி சீட்டுக்கு மதிப்பு பூஜ்யம். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. பூக்காரம்மாவிடம் கடைசியில் வருபவர் பேரம் பேசி மலிவாக வாங்குவார். விமானத்துக்குக் கடைசியில் வருபவர் அவசரத்தில் வருகிறவர். சாவு, பிரசவம், இண்டர்வியூ, கோர்ட்டு. எவ்வளவு என்றாலும் கொடுப்பார். அதனால் இங்கே விலை கடைசியில் ஏறுகிறது.

நம் தூத்துக்குடிக்குப் பல ஆண்டாக வந்துபோகும் இண்டிகோவின் ஏடிஆர் விமானத்தில் 78 சீட்டு. கம்பெனி இதைப் பல தட்டுகளாகப் பிரித்து வைத்திருக்கும். அடித்தட்டில் சில சீட்டு மலிவு. அது தீர்ந்தால் அடுத்த தட்டு, பிறகு அதற்கு மேல் தட்டு. அண்ணாச்சி டவுனுக்குப் போய்த் திரும்புவதற்குள் எங்கேயோ நாலைந்து பேர் வாங்கியிருப்பார்கள், தட்டு மாறிவிட்டது. ஒருவர் முகத்தைப் பார்த்து ஏற்றுவதில்லை.

இதற்குச் சட்டத்தில் ஒரு வார்த்தை இருக்கிறது. 1937ஆம் ஆண்டு வானூர்தி விதிகளில் 135ஆவது விதி, கம்பெனியே கட்டணத்தை வைத்துக்கொள்ளலாம், ஆனால் செலவு, சேவையின் தன்மை, நியாயமான லாபம், நடப்பு விலை இவற்றையெல்லாம் பார்த்து அது 'நியாயமாக' இருக்க வேண்டும் என்கிறது. கட்டணங்களைக் கண்காணிக்க டிஜிசிஏவில் 2010 முதல் ஒரு பிரிவும் இருக்கிறது. எவ்வளவு வரைக்கும் நியாயம் என்பதற்கு மட்டும் எண் கிடையாது. அப்படியானால் நியாயத்தை யார் காப்பாற்றுவது? பக்கத்தில் இன்னொரு விமானம் நிற்க வேண்டும், அதுதான் காப்பு என்பது 1994இன் நம்பிக்கை. ஒருவன் ஏற்றினால் மற்றவன் இறக்குவான். அந்த 'மற்றவன்' இருக்கிறானா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

மற்றவன் எங்கே போனான்?

1990களில் வந்த பெயர்களைச் சொன்னால் இளைஞர்களுக்குத் தெரியாது. ஈஸ்ட் வெஸ்ட், மோடிலுஃப்ட், தமானியா, நம் தமிழ்நாட்டில் வேர்கொண்டிருந்த என்.இ.பி.சி. இவை எல்லாமே அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நின்றுவிட்டன. பிறகு சகாரா, ஏர் டெக்கான், கிங்ஃபிஷர், ஜெட், கோ ஃபர்ஸ்ட், விஸ்தாரா. இவற்றிலும் இன்று எதுவும் பறக்கவில்லை. விமானத்தை டாலரில் வாடகைக்கு எடுக்க வேண்டும், டிக்கெட்டை ரூபாயில் விற்க வேண்டும். செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரிபொருளுக்கே போகும் காலமும் உண்டு. அந்த எரிபொருள் ஜிஎஸ்டிக்குள் வராது, ஒவ்வொரு மாநிலமும் தனி வரி போடும். இந்தச் சுமையில் சிறிய கம்பெனி மூச்சுத் திணறும். ஒன்று மூடும், அல்லது பெரியதோடு சேரும். இப்படிக் கம்பெனிகள் சேர்ந்து சேர்ந்து எண்ணிக்கையில் குறைவதைத்தான் 'கன்சாலிடேஷன்' என்கிறார்கள். தமிழில் ஒருங்கிணைப்பு என்று எழுதுகிறார்கள். 'ஆள் குறைவது' என்று புரிந்துகொண்டால் போதும்.

இதைச் சந்தையின் விளையாட்டு என்று மட்டும் சொல்லிவிடுவது தவறு. அரசின் விதியே கம்பெனிகளைச் சேர்த்து வைத்த கதை ஒன்று இருக்கிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் புரிய வைத்த கதை அதுதான்.

வெளிநாட்டுக்குப் பறக்க வேண்டுமென்றால் ஓர் இந்தியக் கம்பெனி உள்நாட்டில் ஐந்து ஆண்டு பறந்திருக்க வேண்டும், கையில் 20 விமானம் இருக்க வேண்டும் என்று முன்பு விதி. கிங்ஃபிஷர் தொடங்கியது 2005இல். 2010 வரை காத்திருக்க வேண்டும். ஏர் டெக்கான் தொடங்கியது 2003இல். கேப்டன் கோபிநாத் ஆரம்பித்த மலிவுக் கம்பெனி அது. சாதாரண ஜனங்களை முதன்முதலாக விமானத்தில் ஏற்றியது. 2008இல் அதற்கு ஐந்து வயது நிறையும். கிங்ஃபிஷர் ஏர் டெக்கானில் பங்கு வாங்கியது, 2008இல் இரண்டையும் இணைத்தது, அந்தச் செப்டம்பரிலேயே பெங்களூரிலிருந்து லண்டனுக்கு விமானம் விட்டது. ஏர் டெக்கானின் வயது கிங்ஃபிஷருக்குக் கிடைத்தது. மலிவு டிக்கெட் போய்விட்டது. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷரும் நின்றது. ஒரு விதியின் ஓரத்தில் ஆரம்பித்த கல்யாணம் இரண்டு குடும்பத்தையும் முடித்து வைத்தது. ஐந்து ஆண்டு விதியை 2016இல்தான் எடுத்தார்கள்.

இது டெல்லி, மும்பைக் கதை என்று நினைக்க வேண்டாம். ஏர் டெக்கானின் ஏடிஆர்கள் வாகைகுளத்துக்கும் வந்துகொண்டிருந்தன.

ஜெட் 2007இல் சகாராவை 1,450 கோடி ரூபாய்க்கு வாங்கியதிலும் விமானங்களோடு விமான நிலைய நேரங்களும் சேர்ந்து கைமாறின. பெரிய நிலையங்களில் எத்தனை மணிக்கு இறங்கலாம், ஏறலாம் என்பதற்கு 'ஸ்லாட்' என்று பெயர். மும்பையில் காலை ஏழு மணி ஸ்லாட் என்பது ஜங்ஷனில் காலை எட்டரை டைம் வைத்திருக்கும் பஸ் மாதிரி. புதுசாக வருபவனுக்கு விமானம் வாங்கப் பணம் இருக்கும், ஸ்லாட் கிடைக்காது. இருக்கிறவனை வாங்கினால் கிடைக்கும். ஜெட்டும் 2019 ஏப்ரலில் நின்றது. அரசும் தன் பங்குக்கு ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் 2007இல் இணைத்தது. கடன் ஏறியதுதான் மிச்சம். 2022 ஜனவரி 27 அன்று ஏர் இந்தியா டாட்டா கைக்கே திரும்பியது. 2024இல் ஏர் ஏசியா இந்தியா ஏர் இந்தியா எக்ஸ்பிரஸோடும், விஸ்தாரா ஏர் இந்தியாவோடும் கலந்தன. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் கோ ஃபர்ஸ்ட் பறப்பதை நிறுத்தியிருந்தது.

இண்டிகோவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது யாரையும் வாங்கி வளரவில்லை. 2006இல் தொடங்கி, பெரும்பாலும் ஒரே வகை விமானத்தை வைத்து, செலவை இறுக்கி, நேரத்துக்கு ஓட்டிப் பெரிசானது. மற்றவர்கள் விழ விழ அந்த இடத்தை நிரப்பியது. நேர்மையாக உழைத்துப் பெரிசானவனைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் அவன் ஒருவனே மிஞ்சும்போது பயணிக்கு நேர்வது ஒன்றுதான்.

எத்தனை கம்பெனி என்று எண்ணினால் போதாது

ஒரு பாதையில் ஐந்து பஸ் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் நூற்றில் 20 பயணிகள். ஒவ்வொரு பங்கையும் அதே எண்ணால் பெருக்கிக் கூட்டுங்கள். இருபது இருபது நானூறு, ஐந்து நானூறு 2,000. இன்னொரு பாதையிலும் ஐந்து கம்பெனிதான். ஆனால் ஒருவரிடம் 60 பயணிகள், மற்ற நால்வரிடம் பத்துப் பத்து. அறுபது அறுபது 3,600, அதோடு நான்கு நூறு. மொத்தம் 4,000. கம்பெனி எண்ணிக்கை ஒன்றுதான், குவிப்பு இரண்டு மடங்கு. பொருளாதார அறிஞர்கள் பயன்படுத்தும் இந்தக் கணக்குக்கு ஹெர்ஃபிண்டால் குறியீடு என்று பெயர். பெருக்கத் தெரிந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும்.

அமெரிக்க அரசின் 2023 வழிகாட்டுதல்படி 1,800ஐத் தாண்டினால் அந்தச் சந்தை மிகவும் குவிந்துவிட்டது என்று பொருள். 2025இல் இந்திய உள்நாட்டுப் பயணிகளில் இண்டிகோவில் போனவர்கள் 60 சதவீதத்துக்கும் மேல், ஏர் இந்தியா குழுமத்தில் போனவர்கள் கால்பங்குக்கும் மேல். குறைத்தே போட்டாலும் 3,600உம் 625உம் சேர்ந்து 4,225. அமெரிக்காவில் 1978க்குப் பிறகு முதலில் கம்பெனிகள் முளைத்தன, பிறகு சரிந்தன, கடைசியில் 2008க்கும் 2013க்கும் இடையே நடந்த இணைப்புகளால் நான்கு பெரிய கம்பெனிகள் ஐந்தில் நான்கு பங்குச் சந்தையைப் பிடித்தன. நாமோ இரண்டில் வந்து நிற்கிறோம்.

அதுவும் நாடு முழுக்கப் பார்க்கும் கணக்கு. அண்ணாச்சிக்கு வேண்டியது தூத்துக்குடி–சென்னைக் கணக்கு. ஒரு பாதையில் ஒரே கம்பெனி ஓடினால் நூறு நூறு பத்தாயிரம். அதற்கு மேல் போகாது.

ஓடுபாதையும் ஒரு விதிதான்

வாகைகுளத்தில் விமான நிலையம் 1992இல் வந்தது. திருநெல்வேலியிலிருந்து வல்லநாட்டைத் தாண்டி நான்குவழிச் சாலையில் போனால் அரை மணி நேரம்தான். பெயர் தூத்துக்குடி விமான நிலையம் என்றாலும் பாளையங்கோட்டைக்காரனுக்கும் தென்காசிக்காரனுக்கும் அதுதான் நிலையம். அங்கே ஓடுபாதை நீளம் முன்பு 1,350 மீட்டர்தான். ஏர்பஸ் 320, போயிங் 737 மாதிரி ஜெட் விமானங்கள் வழக்கமான பயணிகள் சுமையோடு வந்துபோக இது போதாது. விசிறி சுற்றும் ஏடிஆர், கியூ400 வகைகள் மட்டும்தான் வர முடிந்தது.

இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். சட்டப்படி 1994 முதல் எந்தக் கம்பெனியும் வாகைகுளத்துக்கு வரலாம். ஆனால் ஏடிஆரோ கியூ400ஓ வைத்திருந்த கம்பெனிதான் வர முடிந்தது. அப்படிப்பட்டவை இந்தியாவில் எப்போதும் ஒருசிலதான். பெர்மிட்டை எடுத்துவிட்டார்கள், கான்கிரீட் பெர்மிட் வேலையைத் தொடர்ந்து பார்த்தது. சென்னைக்குப் பல ஆண்டுகள் ஒன்றோ இரண்டோ கம்பெனிதான் என்றிருந்ததற்கு இது பெரிய காரணம். அதே நேரத்தில் மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் ஜெட்டுகள் வந்தன. நம்மில் எத்தனை பேர் டிக்கெட் மலிவு என்று காரை எடுத்துக்கொண்டு மதுரைக்கு ஓடியிருக்கிறோம்! கார் வாடகையையும் டோல்களையும் கூட்டினால் மிச்சம் ஒன்றும் இருக்காது.

2025 ஜூலை 26 அன்று பிரதமர் திறந்துவைத்த புதிய முனையம் சுமார் 450 கோடி ரூபாய் வேலை. கண்ணாடிக் கட்டடத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு அதைவிடப் பெரிய செய்தி ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டதுதான். ஜெட் வைத்திருக்கும் யாருக்கும் இப்போது கதவு திறந்திருக்கிறது. வருவார்களா என்பது வேறு. 78 சீட்டை நிரப்பும் ஊரில் 180 சீட்டு விமானத்தை நிறுத்தக் கம்பெனி நிறைய யோசிக்கும்.

ரயிலையும் போட்டியாகச் சேர்க்க வேண்டும். 2023 செப்டம்பர் 24 முதல் வந்தே பாரத் எட்டு மணி நேரத்துக்குள் சென்னையில் சேர்க்கிறது. என் கடைக்கு வருபவர்களில் பலர் விமான விலையைக் கேட்டுவிட்டு "அப்ப வந்தே பாரத்ல பாருங்க" என்றுதான் சொல்கிறார்கள். விமானக் கட்டணத்துக்கு அது ஒரு கடிவாளம். அவசரத்துக்கு மட்டும் அந்தக் கடிவாளம் உதவாது.

நடுவர்கள்

கம்பெனிகள் இணைய வேண்டுமென்றால் சிசிஐ என்கிற இந்தியப் போட்டி ஆணையத்திடம் போக வேண்டும். 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் கீழ் வந்த அமைப்பு. இணைப்புகளை அது 2011 முதல் பரிசீலிக்கிறது. ஏர் இந்தியா–விஸ்தாரா இணைப்புக்கு 2023 செப்டம்பரில் நிபந்தனைகளோடு ஒப்புதல் தந்தது. விமான நிலையக் கட்டணங்களுக்கு ஏரா என்று இன்னொரு ஆணையம். ஆனால் சிசிஐ இணைப்பைத் தடுக்கலாம், போட்டியாளன் செத்துப் போவதைத் தடுக்க முடியாது. நம் நாட்டில் பெரும்பாலும் நடந்தது இரண்டாவது.

அரசு கட்டணத்தில் மறுபடி கை வைத்த நேரங்களும் உண்டு. கொரோனாவுக்குப் பிறகு 2020 மே 25 முதல் 2022 ஆகஸ்ட் முடிய, பயண நேரத்தை வைத்து அடி விலையும் உச்ச விலையும் அரசே வைத்தது. அடுத்தது 2025 டிசம்பர். அதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் எஃப்.சி. கதையும் பெர்மிட் கதையும் ஒன்றாகச் சேர்ந்தன.

விமானிகள் தூக்கமில்லாமல் ஓட்டக் கூடாது என்று டிஜிசிஏ புதிய ஓய்வு விதிகளைக் கொண்டுவந்தது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி நேரம் ஆனது. இரவுப் பணியில் தரையிறக்கம் இரண்டுதான். இதன் இரண்டாம் பகுதி 2025 நவம்பர் 1 முதல் அமலானது. இண்டிகோவிடம் அதற்கேற்ற ஆள் ஏற்பாடு இல்லை. டிசம்பர் முதல் வாரத்தில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. நூற்றுக்கு அறுபது பேர் ஒரே கம்பெனியில் போகிறார்கள் என்றால், அது நின்றால் மற்றவர்களிடம் அவ்வளவு சீட்டு கிடையாது. இருந்த சீட்டுகளின் விலை வானத்துக்குப் போனது. டிசம்பர் 6 அன்று அரசு உச்ச வரம்பு வைத்தது: 500 கி.மீ. வரை 7,500 ரூபாய், 1,000 கி.மீ. வரை 12,000, 1,500 கி.மீ. வரை 15,000, அதற்கு மேல் 18,000. தூத்துக்குடி–சென்னை வான்வழித் தூரம் 500ஐச் சற்றுத் தாண்டும் என்பதால் நமக்கு அப்போது 12,000 வரம்பு.

எனக்குக் கவலை தருவது விலையைவிட மற்றொன்று. அந்த நெருக்கடியில் டிஜிசிஏ இண்டிகோவுக்குச் சில ஓய்வு விதிகளிலிருந்து தற்காலிக விலக்கு கொடுத்தது. ஆர்.டி.ஓ.வை நினைத்துப் பாருங்கள். ஊரில் நூறு பஸ்ஸில் அறுபது ஒருவருடையது. எஃப்.சி. சரியில்லை என்று அறுபதையும் நிறுத்தினால் ஊரே நின்றுவிடும். நிறுத்தாவிட்டால் விதி எதற்கு? ஆள் குறையும்போது டிக்கெட் விலையோடு சேர்ந்து பாதுகாப்பு விதியின் முதுகெலும்பும் வளைகிறது. பெர்மிட் பிடியைத் தளர்த்தினோம், எஃப்.சி. பிடி உறுதியாக இருக்கிறது என்று மேலே எழுதினேன். பாதைக்குப் பாதை நாலு பேர் ஓடினால்தான் அந்த உறுதி நிற்கும்.

நிரந்தரமாகவே உச்ச விலை வைத்துவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். பெருநெருக்கடிக்கு அது வேண்டும் என்றே நினைக்கிறேன். எல்லா நாளும் வைத்தால், நம்மைப் போன்ற மெலிந்த பாதைக்கு வர யோசிக்கும் கம்பெனி வராமலே போய்விடும். சின்ன ஊர்களுக்கென்று 2016இல் வந்த உடான் திட்டம் வேறு வழியில் போனது. ஒரு பகுதி சீட்டுகளுக்கு விலை வரம்பு வைத்து, கம்பெனிக்கு வரும் நஷ்டத்தை அரசு மானியமாக ஈடுகட்டியது. சேலத்துக்கு விமானம் திரும்பியது அப்படித்தான். என் மனசுக்குச் சரியென்று படுவது, கண்காணிப்பைப் பாதை வாரியாக வைக்க வேண்டும். ஒரே கம்பெனி ஓடும் பாதைகளில் கடைசி மூன்று நாள் விலையை டிஜிசிஏ தனியாகப் பார்த்து மாதாமாதம் வெளியிட வேண்டும். புதிதாக அங்கே வரும் கம்பெனிக்குச் சென்னையில் நல்ல ஸ்லாட் முன்னுரிமையாகக் கிடைக்க வேண்டும்.

சரி, இன்றைக்குப் பயணிக்குக் கையில் என்ன இருக்கிறது? விமானம் ரத்தானால் மாற்று விமானமோ முழுப் பணமோ தர வேண்டும். எது என்று தேர்ந்தெடுப்பது நீங்கள். முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால் நஷ்ட ஈடும் உண்டு. ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்துக்கு 7,500 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இதில் எது குறைவோ அது. மழை, புயல் மாதிரி காரணங்களுக்கு நஷ்ட ஈடு கிடையாது. டிக்கெட் போடும்போது தொடர்பு எண்ணைச் சரியாகக் கொடுக்காதவருக்கும் கிடையாது. இந்தக் கடைசி வரி பலருக்குத் தெரியாது. அவசரத்தில் கடைக்காரர் தன் எண்ணையே போட்டுவிட்டால், ரத்தான செய்தி அவருக்குப் போகும், நீங்கள் வாகைகுளத்தில் பெட்டியோடு நிற்பீர்கள். எந்தக் கடையில் போட்டாலும் ஸ்கிரீனைத் திருப்பச் சொல்லி உங்கள் எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

அம்பாசமுத்திரத்துப் பெண் ஒருத்திக்கு நானே டிக்கெட் போட்டேன். சென்னையில் மதியம் இரண்டு மணிக்கு இண்டர்வியூ. எண் சரியாக இருந்தது. செய்தியும் சரியாக வந்தது, ஆனால் காலை ஐந்தேகாலுக்கு, விமானம் ரத்து என்று. வாகைகுளத்திலிருந்து போன் பண்ணினாள். "அண்ணே, வேற பிளைட்டு கேட்கலாம்னு விதி இருக்குன்னீங்களே." கேளம்மா என்றேன். கவுண்டரில் இருந்தவர்கள் மறுக்கவில்லை, மரியாதையாகவே பேசினார்கள், கம்ப்யூட்டரில் தேடியும் பார்த்தார்கள். அன்று அந்தப் பாதையில் இருந்த வேறு விமானம், அதே கம்பெனியின் மாலை விமானம் ஒன்றுதான்.